பிழையை மறைக்காத வகுப்பு: நடுநிலை வகுப்பு ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

ஏழெட்டு வயதுக் குழந்தைகளிடம் ஒரு கேள்வியைக் கேட்டால், விடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பாதி வகுப்பு கையைத் தூக்கும். அதே குழந்தைகள் பன்னிரண்டு வயதை எட்டும்போது, விடை நன்றாகத் தெரிந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்து நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த மாற்றம் ஏன் நிகழ்கிறது என்பதை அறியாமல் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குள் நுழையும் ஆசிரியர், "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை" என்று சில வாரங்களிலேயே முடிவு கட்டிவிடுகிறார். அவர்களுடைய ஆர்வம் அப்படியேதான் இருக்கிறது. தவறாகச் சொன்னால் பின்பெஞ்சு சிரிக்குமே என்ற அச்சம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நடுநிலை வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்த பிறகு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இதுதான்: பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரின் வேலையில் பெரும்பகுதி, அவர்கள் தங்கள் பிழைகளை ஒளிக்காமல் வெளியே வைக்கும் நிலையை உருவாக்குவதாகும். பிழை வெளியே வந்துவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாலும் எளிது. அது நோட்டுக்குள்ளும் மனத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும்வரை, எவ்வளவு அழகாகப் பாடம் நடத்தினாலும் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்வதில்லை. கீழே சொல்லப்போகும் நடைமுறைகள் எல்லாம் அந்த ஒன்றை நோக்கியவையே.

இந்த வயதை அறிந்துகொள்வது

பூப்புப் பருவ மாற்றங்கள் பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குவது இயல்பானது. இவ்வளவு அகலமான இடைவெளி இருப்பதால், ஒரே ஏழாம் வகுப்பில் பெரியவர்களின் உயரத்தை எட்டிவிட்ட ஒருவரும், பால்முகம் மாறாத ஒருவரும் ஒரே பெஞ்சில் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். உயரமான பிள்ளையைப் பார்த்து "இவ்வளவு வளர்ந்திருக்கிறாய், இதுகூடத் தெரியவில்லையா" என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை இன்றே விட்டுவிடுவது நல்லது. உடல் முந்திக்கொண்டதால் மனமும் முந்தியிருக்க வேண்டும் என்பதில்லை. உயரம், எடை, பரு, குரல், நடை என உடல் தொடர்பான எதைப் பற்றியும், பாராட்டாகக்கூட, வகுப்பின் முன் பேசாதிருப்பதை உங்களுக்கு நீங்களே விதித்துக்கொள்ளும் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், நன்றாக வாசிக்கக்கூடிய ஒரு மாணவனை எழுப்பிப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது பத்தியின் நடுவில் அவன் குரல் உடைந்து கீச்சென்று மேலே போயிற்று. வகுப்பு சிரித்தது. நானும், அது அன்பான சிரிப்புதானே என்று எண்ணிப் புன்னகைத்துவிட்டேன். அவன் நிமிர்ந்து என் முகத்தைத்தான் பார்த்தான். பிறகு புத்தகத்தை முகத்தோடு சேர்த்து உயர்த்திக்கொண்டு, மீதி வரிகளை யாருக்கும் கேட்காத குரலில் முடித்து உட்கார்ந்தான். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை என் பாடவேளையில் அவன் தானாக ஒரு முறைகூடப் பேசவில்லை. உரக்க வாசிக்க வைப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் யார், எந்தப் பகுதியை வாசிக்கப் போகிறார் என்பதை முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். இருவராகச் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்பைக் கொடுங்கள். யாரேனும் தடுமாறினால் உங்கள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அடுத்த சொல்லுக்காகக் காத்திருங்கள். வகுப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பிள்ளைகள் முதலில் உங்கள் முகத்திலிருந்துதான் கற்கிறார்கள்.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு, இந்தப் பருவத்தில் இரவில் முன்பைவிடத் தாமதமாகவே கூடத் தொடங்குகிறது. எனவே முதல் பாடவேளையில் கொட்டாவி விடும் எட்டாம் வகுப்பு மாணவி உங்களை அவமதிக்கிறாள் என்று கொள்ளத் தேவையில்லை. அந்த நேரத்தில் நீண்ட விளக்கவுரையைத் தவிர்த்து, எழுதுதல், எழுந்து சென்று பலகையில் செய்தல், அருகில் இருப்பவருடன் சேர்ந்து கணக்கிடுதல் போன்றவற்றை வையுங்கள்.

முதல் இரண்டு வாரங்கள்

புதிய ஆசிரியர்கள் பலர் பாடத்திட்டத்தை முடிக்க வேண்டுமே என்ற கவலையில் முதல் நாளே முதல் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரங்களில் வகுப்பின் நடைமுறைகளைக் கற்பிப்பதற்குச் செலவிடும் நேரம் ஆண்டு முழுவதும் திரும்பி வரும் என்பதால், அதை இழப்பாகக் கருத வேண்டாம். வகுப்புக்குள் எப்படி வருவது, வந்தவுடன் பலகையில் எதைப் பார்ப்பது, நோட்டுகளை எந்த வரிசையில் கைமாற்றி முன்னால் கொண்டுவருவது, கழிப்பறைக்குப் போக எப்படி அனுமதி கேட்பது, வேலையை முன்கூட்டியே முடித்தவர் என்ன செய்வது ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு பாடத்தைப் போலவே விளக்கி, செய்து காட்டி, அவர்களைச் செய்யவைத்து, சரியாக வராவிட்டால் கோபமில்லாமல் மறுபடி செய்யவையுங்கள். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். அதுவரை ஒரே ஆசிரியருடன் நாள் முழுவதும் இருந்து பழகியவர்கள், பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆசிரியருக்கு ஒரு விதம் என்ற புதிய ஏற்பாட்டில் முதலில் தடுமாறுவார்கள். எந்த நோட்டு எந்த நாளைக்கு என்பதே அவர்களுக்குப் பெரிய கவலையாக இருக்கும்.

பெயர்களை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். இருக்கை வரைபடம் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெயரை எழுதி, மேசைமேல் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லியே கேள்வி கேளுங்கள். அந்தப் பிள்ளை தன் பெயரை எப்படி உச்சரிக்கிறாரோ அப்படியே நீங்களும் உச்சரிக்க வேண்டும். ஐயம் இருந்தால் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டப்பெயர் எவ்வளவு செல்லமாகத் தோன்றினாலும் உங்கள் வாயில் வரக்கூடாது.

வகுப்பு விதிகள் மூன்று, நான்குக்கு மேல் வேண்டாம். அவற்றுள் ஒன்று, மற்றொருவரின் விடையைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்பதாக இருக்கட்டும். இந்த விதி மீறப்படும் முதல் தருணம் மிக முக்கியமானது. பெரும்பாலும் அது முதல் வாரத்திலேயே வரும். அப்போது பாடத்தை நிறுத்திவிடுங்கள். குரலை உயர்த்தாமல், "இந்த வகுப்பில் ஒரு விடையைக் கேட்டுச் சிரிப்பதில்லை. அவர் சொன்னது எனக்கு வேண்டும். மறுபடி சொல்லம்மா" என்று சொல்லி, அந்த விடையைப் பலகையில் எழுதி, அதிலிருந்தே அடுத்த படிக்கு நகருங்கள். சிரித்தவரைத் தனிமைப்படுத்தித் திட்டினால் கவனம் அவர்மேல் போய்விடும். விடை சொன்னவர் மதிக்கப்பட்டார் என்பதை நாற்பது பேரும் பார்ப்பதே அந்த நேரத்தின் தேவை.

பாடக்குறிப்பை எங்கிருந்து தொடங்குவது

பாடக்குறிப்பு எழுதும்போது நாம் வழக்கமாக "இன்று நான் என்ன சொல்லப் போகிறேன்" என்பதிலிருந்து தொடங்குகிறோம். "இந்தப் பகுதியில் பிள்ளைகள் எங்கே தவறுவார்கள்" என்பதிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பாடத்தின் வடிவமே மாறிவிடும்.

தசம எண்களை எடுத்துக்கொள்வோம். 0.5, 0.35 ஆகியவற்றில் எது பெரியது என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், 0.35 என்று எழுதுபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் கவனமில்லாமல் எழுதவில்லை. 35 என்பது 5ஐவிடப் பெரியது என்று முழு எண்களில் கற்ற உண்மையை இங்கேயும் நேர்மையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதை எதிர்பாராத ஆசிரியர் "புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 0.50 என்று எழுதிக்கொள்" என்று ஒரு சூத்திரத்தைக் கொடுத்து நகர்ந்துவிடுவார். அந்தப் பிள்ளையும் அன்றைய கணக்குகளைச் சரியாகப் போட்டுவிடும். ஆனால் 35 நூறில் பங்குகளும் 5 பத்தில் பங்குகளும் எப்படி வேறுபடுகின்றன என்பது உள்ளே தெளிந்திருக்காது.

ஒரு முறை இந்தக் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு நடந்தபோது, கடைசி வரிசையில் ஒரு மாணவி முழங்கையை மடித்து நோட்டின்மேல் அணைபோல வைத்துக்கொண்டு எழுதுவதைக் கண்டேன். அருகில் போனதும் எழுதியதை அவசரமாக அழிக்கத் தொடங்கினாள். "அழிக்காதே, நீ எழுதியதை நான் எல்லோருக்கும் காட்டலாமா? யார் எழுதியது என்று சொல்லமாட்டேன்" என்று மெதுவாகக் கேட்டேன். தயங்கித் தலையசைத்தாள். 0.35 பெரியது என்ற விடையைப் பலகையில் எழுதி, "இந்த விடைக்குப் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அது என்னவாக இருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டேன். காரணத்தை மூன்று, நான்கு பேர் சொன்னார்கள். பிறகு நூறு கட்டங்கள் கொண்ட இரண்டு சதுரங்களைக் கொடுத்து, ஒன்றில் பத்தில் ஐந்து பங்கையும் மற்றொன்றில் நூறில் முப்பத்தைந்து பங்கையும் வண்ணம் தீட்டச் சொன்னேன். தீட்டி முடிப்பதற்குள்ளேயே வகுப்பில் சலசலப்பு எழுந்தது. அந்த மாணவி முழங்கையை எடுத்துவிட்டுத் தன் சதுரத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டிக்கொண்டிருந்தாள். பாடவேளையின் இறுதியில் என்னிடம் வந்து, "டீச்சர், அது நான் எழுதினதுன்னு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை" என்றாள்.

இப்படி முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய பிழைகள் ஒவ்வொரு பாடத்திலும் உண்டு. கணக்கில், 8 + 4 = ☐ + 5 என்று கொடுத்தால் கட்டத்துக்குள் 12 என்று எழுதுவார்கள்; சமக்குறி என்றால் "இதோ விடை வருகிறது" என்று பொருள் கொண்டிருப்பதே காரணம். அறிவியலில், பருவகாலங்கள் ஏன் மாறுகின்றன என்றால் கோடையில் பூமி சூரியனுக்கு அருகில் போகிறது என்பார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில், இருப்பது ஜனவரித் தொடக்கத்தில் என்பதையும், அப்போது வட அரைக்கோளத்தில் குளிர்காலம் நடக்கிறது என்பதையும் அவர்கள் முன் வைத்துவிட்டு, "இப்போது என்ன சொல்கிறீர்கள்" என்று கேளுங்கள். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதே காரணம் என்ற விளக்கத்தை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

மரத்தின் எடை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு "மண்ணிலிருந்து" என்ற விடையே பெரும்பாலும் வரும். யான் வான் ஹெல்மோன்ட் என்பவர் ஒரு வில்லோ கன்றை எடைபோட்ட மண்ணில் நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்த சோதனையை அப்போது சொல்லலாம். அவருடைய குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின் 1648இல் அச்சாயின. மரத்தின் எடை ஏறத்தாழ 74 கிலோ கூடியிருந்தது. மண்ணின் எடையோ 60 கிராம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. எடை முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார்; காற்றிலிருந்து கரியமில வாயுவை இலைகள் எடுத்துக்கொள்வது அவருக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகள் பொறுமையாகச் சோதனை செய்த ஒருவரும் பாதி சரியான விடைக்கே வந்து சேர்ந்தார் என்பதைக் கேட்கும்போது பிள்ளைகளின் முகத்தில் தெரியும் நிம்மதிக்காகவே, நான் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு ஒரே விதி கிடையாது என்றாலும், முதல் ஐந்து நிமிடங்களை முந்தைய பாடங்களிலிருந்து நான்கைந்து சிறு கேள்விகளுக்கு ஒதுக்குவதை நான் எந்த நாளும் தவிர்ப்பதில்லை. கற்றது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதைத் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே வெளியிட்டுவிட்டார். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரத்துக்குப் பிறகு அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை ரோடிகர், கார்ப்பிக்கே ஆகியோர் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே நேற்றைய பாடத்திலிருந்து இரண்டு, போன வாரத்திலிருந்து ஒன்று, போன மாதத்திலிருந்து ஒன்று எனக் கேள்விகளைப் பலகையில் எழுதிவைத்து, புத்தகத்தைத் திறக்காமல் எழுதச் சொல்லுங்கள். இதற்கு மதிப்பெண் வேண்டாம். பதிவேட்டில் ஏற்றவும் வேண்டாம். மதிப்பெண் என்று சொன்ன மறுகணமே முழங்கைகள் மறுபடி மடங்கிவிடும்.

கேள்வி கேட்பதும் காத்திருப்பதும்

"புரிந்ததா?" என்ற கேள்வியை உங்கள் பேச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு "புரிந்தது டீச்சர்" என்ற ஒரே விடைதான் உண்டு. அதிலிருந்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பதிலாக எல்லோரும் ஒரே நேரத்தில் விடையைக் காட்டும்படி கேளுங்கள். சிறு சிலேட்டிலோ, பழைய தாளின் பின்புறத்திலோ பெரிதாக எழுதி, "காட்டுங்கள்" என்றதும் எல்லோரும் ஒன்றாக உயர்த்தட்டும். பத்து நொடிகளில் நாற்பது விடைகளும் உங்கள் கண்முன் இருக்கும். யாரும் தனியாக எழுந்து நிற்க நேராததால் வெட்கமும் குறையும்.

தனியொருவரைக் கேட்கும்போது, முதலில் கேள்வியைச் சொல்லி, சற்று நிறுத்தி, அதன் பிறகே பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் எல்லாம் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த நிறுத்தம் எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும் என்பதை மேரி பட் ரோவ் என்னும் ஆய்வாளர் 1970களில் ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிகளாக்கியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து விடை சொல்பவர்கள் கூடினார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. மூன்று நொடி அமைதி முதலில் உங்களுக்கே தாங்க முடியாததாகத் தோன்றும். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

"தெரியாது" என்ற விடையோடு ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். "சரி, இன்னும் இருவரைக் கேட்டுவிட்டு உன்னிடம் வருகிறேன்" என்று சொல்லி, சொன்னபடியே திரும்பி வந்து, கேட்டவற்றுள் எது தனக்குச் சரியாகப் படுகிறது என்றும் ஏன் என்றும் கேளுங்கள். ஆசிரியர் தன்னைக் கைவிடவில்லை என்பதும், மௌனமாக இருந்து தப்பிக்க முடியாது என்பதும் அந்தப் பிள்ளைக்கு ஒரே நேரத்தில் தெரியவரும்.

தவறான விடை வந்ததும் "தப்பு, அடுத்தவர்" என்று தாண்டுவதும் தீங்கு; மனம் நோகக்கூடாது என்று "பரவாயில்லை, நல்ல முயற்சி" என்று பூசி மெழுகுவதும் தீங்கு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பொய்ப் பாராட்டு உடனே தெரிந்துவிடும். "இந்த விடை சரியில்லை. ஆனால் இரண்டாவது படிவரை சரியாக வந்திருக்கிறாய். மூன்றாவது படியில் என்ன செய்தாய் என்று சொல்" என்பது போல உண்மையையும் வழியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நோட்டுத் திருத்துதல்

நான்கு வகுப்புகள், வகுப்புக்கு நாற்பது பேர் என்று வைத்துக்கொண்டால் 160 நோட்டுகள். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 480 நிமிடங்கள், அதாவது எட்டு மணி நேரம். வாரம் ஒருமுறை இதைச் செய்தாலே உங்கள் மாலைப் பொழுதுகள் எல்லாம் போய்விடும். அவ்வளவும் செய்த பிறகு பிள்ளைகள் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள். ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்களிடம் முன்னேற்றமும் ஆர்வமும் காணப்பட்டன. மதிப்பெண்ணையும் குறிப்புரையையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. மதிப்பெண் கண்ணில் பட்டதும், அருகிலிருப்பவருக்கு எவ்வளவு என்று பார்க்கும் வயது இது.

ஆகையால் எல்லாவற்றையும் வரிக்கு வரி திருத்த முயலாதீர்கள். பாடவேளையின் இறுதியில் ஒரே ஒரு கேள்விக்கான விடையைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கி, சரியாகச் செய்தவர்கள், ஓரிடத்தில் தவறியவர்கள், தொடக்கத்திலேயே தவறியவர்கள் என மூன்று அடுக்காகப் பிரித்தால் பத்து நிமிடத்துக்குள் மறுநாள் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். நோட்டைத் திருத்தும் நாளில், பிழையைத் திருத்தி எழுதிக் கொடுக்காமல், பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். எந்தச் சொல், எந்தப் படி என்று தேடும் வேலை அவர்களுடையது. அதற்காக அடுத்த பாடவேளையில் பத்து நிமிடம் கொடுங்கள். நேரம் ஒதுக்காத குறிப்புரையை யாரும் படிப்பதில்லை.

ஒழுங்கு

வகுப்பை அடக்குவது எப்படி என்பதே புதிய ஆசிரியர்களின் முதல் கேள்வியாக இருக்கிறது. ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட வகுப்பறை ஆய்வில், ஒழுங்கான வகுப்புகளின் ஆசிரியர்களும் குழப்பமான வகுப்புகளின் ஆசிரியர்களும் குறும்பு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் பெரிதாக வேறுபடவில்லை. குறும்பு தொடங்கும் முன்பே வகுப்பு முழுவதையும் கண்ணில் வைத்திருந்ததும், பாடம் தொய்வில்லாமல் நகர்ந்ததும்தான் வேறுபாடு. பலகையில் எழுதும்போது வகுப்புக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நிற்பது, ஒருவருக்கு விளக்கும்போதும் மற்றவர்களைப் பார்க்கும் திசையில் நிற்பது, வரிசைகளுக்கு இடையே நடந்துகொண்டே பாடம் நடத்துவது ஆகிய சிறு பழக்கங்கள் பல சச்சரவுகளை முளையிலேயே தடுத்துவிடும்.

கண்டிக்க வேண்டி வந்தால் அருகில் சென்று, தாழ்ந்த குரலில், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். நின்றுகொண்டு உடனடிக் கீழ்ப்படிதலை எதிர்பார்த்தால், நண்பர்கள் முன் தோற்கக்கூடாது என்று அந்தப் பிள்ளை உங்களுடன் மல்லுக்கு நிற்கும். நகர்ந்துவிட்டால், முப்பது நொடிக்குள் தானாகவே புத்தகத்தைத் திறந்துவிடும். பெரிய விஷயம் என்றால் வகுப்பு முடிந்தபின் தனியே பேசுங்கள். ஒருவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிப்பது, பாடத்தையே தண்டனையாக நூறு முறை எழுதவைப்பது, அடிப்பது, காதைத் திருகுவது, வெளியே முட்டிபோட வைப்பது இவை எவையும் கூடாது. அடிக்கு அஞ்சும் பிள்ளை முதலில் கற்பது மறைக்கும் கலையைத்தான். நாம் இவ்வளவு பாடுபட்டு வெளியே கொண்டுவந்த பிழைகள் எல்லாம் ஒரே நாளில் மறுபடி உள்ளே போய்விடும்.

நீங்கள் தவறு செய்தால், அதாவது குறும்பு செய்யாத பிள்ளையைக் கண்டித்துவிட்டால், எல்லோர் முன்னிலையிலும் கண்டித்ததை எல்லோர் முன்னிலையிலுமே வருத்தம் தெரிவித்துச் சரிசெய்யுங்கள். இதனால் மதிப்பு குறையும் என்று நினைக்கும் மூத்த ஆசிரியர்கள் உண்டு. அவர்களோடு நான் இந்த ஒன்றில் உடன்படுவதில்லை.

பாடத்துக்கு வெளியே நடப்பவை

இந்த வயதில் துன்புறுத்தல் பெரும்பாலும் சத்தமில்லாமல் நடக்கும். அடிதடியைவிட, ஒருவரைக் குழுவிலிருந்து விலக்குவதும், அவர் வந்ததும் பேச்சை நிறுத்துவதும், கைபேசிக் குழுவில் கேலிப் படம் அனுப்புவதும் அதிகம். இடைவேளையில் எப்போதும் தனியாக நிற்பவர், குழுவாகச் செய்யும் வேலையில் யாரும் சேர்த்துக்கொள்ளாதவர், திடீரென்று விடுப்பு கூடியவர் ஆகியோரைக் கவனியுங்கள். "நீங்களே உங்கள் குழுவைத் தேர்ந்தெடுங்கள்" என்று சொல்வதை விட்டுவிட்டு, குழுக்களை நீங்களே பிரியுங்கள். கடைசியில் யாருக்கும் வேண்டாதவராக நிற்பதன் வலி பெரிது. துன்புறுத்தியவரையும் துன்பப்பட்டவரையும் எதிரெதிரே நிறுத்திக் கைகுலுக்க வைத்தால் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். இருவரிடமும் தனித்தனியே பேசி, நடந்ததை எழுதிவைத்து, தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, இரண்டு வாரம் கழித்துத் துன்பப்பட்டவரிடம் மறுபடி கேளுங்கள்.

வீட்டிலோ வெளியிலோ தனக்கு நேர்ந்த கொடுமையை ஒரு பிள்ளை உங்களிடம் சொல்லத் தொடங்கினால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. துருவிக் கேட்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னது நல்லது என்றும், இது உன் தவறில்லை என்றும், உன்னைக் காப்பதற்காக இதைச் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை பயன்படுத்திய சொற்களிலேயே அன்றே எழுதிவைத்து, குழந்தைகள் பாதுகாப்புக்கான விதிகளின்படி உரியவரிடம் அன்றே தெரிவியுங்கள்.

பெற்றோரைப் பொறுத்தவரை ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் வலியுறுத்துவேன்: அவர்களுக்கு நீங்கள் பேசும் முதல் பேச்சு புகாராக இருக்கக்கூடாது. முதல் மாதத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும், நீங்களே கண்ணால் கண்ட ஒரு நல்ல செயலை, நாள், நிகழ்வோடு குறிப்பிட்டு வீட்டுக்குத் தெரிவித்துவிடுங்கள். பிறகு ஒரு சிக்கலைப் பற்றிப் பேச நேரும்போது அவர்கள் உங்களை எதிரியாகப் பார்க்கமாட்டார்கள்.

உங்களைக் காத்துக்கொள்வது

தொண்டையை வருத்திக் கத்திப் பேசும் ஆசிரியர்களுக்குக் குரல் நாண்களில் முடிச்சுகள் வருவதுண்டு. வகுப்பின் சத்தத்தை உங்கள் சத்தத்தால் வெல்ல முயலாமல், கையை உயர்த்தி அமைதியாக நிற்பது போன்ற ஒரு குறிப்பை முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டில் எப்போதும் மேசைமேல் இருக்கட்டும். குரல் கம்மல் மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

முதல் ஆண்டில் எல்லாப் பாடக்குறிப்புகளையும் புதிதாக உருவாக்க வேண்டும் என்று உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள். அதே வகுப்பை எடுக்கும் சக ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். அவருடைய வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பாருங்கள். அவரையும் உங்கள் வகுப்புக்கு வந்து, உங்கள் கேள்விகளுக்கு யார் யார் விடை சொன்னார்கள் என்பதை மட்டும் இருக்கை வரைபடத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். எனக்கு ஒருமுறை அப்படிக் குறித்துக் கொடுக்கப்பட்ட தாளில், கோடுகள் எல்லாம் முன் இரண்டு வரிசைகளிலும் நடுவிலும் குவிந்திருந்தன. இடதுபுறச் சுவரோரம் இருந்த ஏழு பேரை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எல்லோரையும் சமமாகக் கேட்கிறேன் என்று அதுவரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளி முடிந்து மேசையை ஒழுங்குசெய்யும்போது, அன்று நான் கடைசியாக எடுத்த வகுப்பின் மாணவர் பெயர்களை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுவேன். பின்னர் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, நினைவுக்கு வராமல் விடுபட்ட பெயர்களைத் தனியே குறித்துக்கொள்வேன். மறுநாள் அந்த வகுப்புக்குள் நுழைந்ததும் என் முதல் கேள்வி அவர்களில் ஒருவருக்குத்தான்.